பதினொரு மணி என்றால் பதினொரு மணி

என் மனைவியின் தமையன் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கோடை முடிந்துவிட்டது, மொன்றியலில் இலைகள் பழுத்துக் கொட்டத் தொடங்கிவிட்டன, ஆனாலும் அந்தப் பதினொரு மணியை நினைத்தால் காது சூடாகிறது. அவர் எனக்குப் பொய் சொன்னார் என்பதற்காக அல்ல. இருபது வருடமாகப் பொய் சொல்லிவிட்டு, ஒரே ஒரு நாள், முன்னறிவித்தல் எதுவும் இல்லாமல் உண்மையைச் சொன்னார் என்பதற்காக.

விளங்கச் சொல்கிறேன். எங்கள் ஆட்களிடம் சொல்லுகிற நேரம் ஒன்று, நடக்கிற நேரம் ஒன்று. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. ஒரு சாமத்தியவீட்டுக்கு, அதாவது பூப்புனித நீராட்டு விழாவுக்கு, அழைப்பிதழில் போட்டபடி காலை பத்து மணிக்கே, பட்டு வேட்டியோடு கோட்-டெ-நெய்ஜில் பஸ் ஏறி, அஹுன்ட்சிக் பக்கம் ஒரு மண்டபத்தில் போய் நின்றேன். கதவில் பூட்டுத் தொங்கியது. பத்தரைக்கு ஒருவர் வந்து திறந்தார். திறந்த கையோடு, கதிரைகளுக்கு உறை போடும் வேலையை என்னிடம் தந்தார். பிள்ளை இப்போதுதான் வீட்டில் முழுகுகிறாள் என்றும் சொன்னார். பன்னிரண்டரைக்கு வந்த சனம், வியர்த்து வழிந்து நின்ற என்னைச் சமையல்காரரின் ஆள் என்று நினைத்து, "தம்பி, சோடா எங்க இருக்கு?" என்று கேட்டது. அன்றிலிருந்து யார் எந்த நேரம் சொன்னாலும் இரண்டைக் கூட்டிக்கொள்வேன். அந்தக் கணக்கு ஒரு தடவையும் பிழைத்ததில்லை.

மனைவியின் தமையன், என் மச்சான், இந்தக் கலையில் மன்னன். புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் அவர் மேற்பார்வையாளர். அங்கே ஒருவர் ஐந்து நிமிடம் பிந்தி வந்தாலும் தனியாகக் கூப்பிட்டுக் கதைப்பார். குடும்பத்துக்குள் வந்துவிட்டால் மட்டும் ஒன்பது மணியை ஏழு என்பார். "உங்களுக்கெல்லாம் உண்மையைச் சொன்னா விடியாது" என்பது அவருடைய நியாயம். நாங்களும் அவர் சொல்வதைக் கேட்டு, தலையாட்டி, இரண்டைக் கூட்டி, சரியான நேரத்துக்குப் போய்ச் சேருவோம். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை.

யூலையில் அவர்தான் எங்களைக் கடலுக்குக் கூட்டிப்போனார். மொன்றியலில் இருந்து கிழக்கே ஆறு மணித்தியாலம் ஓடினால் எங்கள் ஆறு அகன்று அகன்று கடலாகிவிடுகிறது. உப்புத் தண்ணீர், கரையெல்லாம் காட்டு ரோசாப் பற்றை, புகை போட்ட மீன் விற்கும் கடை, சிவப்புத் தொப்பி வைத்த வெளிச்சவீடு. பெயர்ப்பலகை தொடக்கம் நாய்க்குக் கொடுக்கும் கட்டளை வரை எல்லாம் பிரெஞ்சில்தான். எனக்கு அந்தப் பாஷையில் தெரிந்தது மெற்றோவுக்கும் டெப்பனர் என்ற மூலைக்கடைக்கும் போதும், கடலுக்குப் போதாது. மச்சானும் அவர் மனைவியும், நானும் என் மனைவியும், எங்கள் பதினைந்து வயது மகளும், ஒரே வான்.

"காலமை ஆறு மணிக்கு வெளிக்கிடுறம்" என்றார். எட்டு பத்துக்கு வெளிக்கிட்டோம். "ரெண்டு மணிக்கு வெளிச்சவீடு" என்றார். நாலு மணிக்கு அதன் உச்சியில் நின்று படம் எடுத்தோம். கணக்கு மணிக்கூடு மாதிரி வேலை செய்தது.

அடுத்த நாள் தீவு. கரையிலிருந்து பார்த்தால் கூப்பிடு தூரம். கடல் வற்றும் நேரத்தில் கல்லும் மணலுமாக ஒரு பாதை எழும்பும். நடந்து போகலாம், அந்தப் பக்கம் பாறைகளில் கடல்நாய்கள் படுத்திருக்கும். மச்சானும் அவர் மனைவியும் வரவில்லை. மச்சான் கரையில் இருந்த மேசையைப் பிடித்து, கோழிக்கு மசாலா பூசி, அடுப்பு மூட்டும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். நாங்கள் மூவரும் வெளிக்கிட்டபோது மணி ஒன்பது.

"பதினொரு மணிக்குள்ள திரும்பி வந்திட வேணும்," என்றார் மச்சான். "பேந்து தண்ணி ஏறியிடும்."

"ஓம், ஓம்," என்றேன். மனதுக்குள் ஒரு மணி என்று எழுதிக்கொண்டேன்.

தீவு அழகுதான். அதை மறுக்கமாட்டேன். ஊசியிலை மரங்களுக்குக் கீழே பாசி மெத்தை, காற்றில் உப்பும் பிசினும் கலந்த மணம். மகள் கடல்நாய்களைப் படம் எடுக்க மறுபக்கம் போய்விட்டாள். நானும் மனைவியும் ஒரு தட்டையான பாறையில் துவாய் விரித்து, சாப்பிடக் கொண்டுவந்த றோல்ஸ் பெட்டியைத் திறந்து, பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை ஊற்றினோம். பத்தே முக்காலுக்கு, ரப்பர் சப்பாத்தும் தொலைநோக்கியுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்களைக் கடந்து வேகமாகக் கரைப் பக்கம் நடந்தாள். நின்று, பிரெஞ்சில் ஏதோ சொல்லி, தண்ணீரைக் கையால் காட்டினாள்.

"வூய், த்ரே போ," என்றேன். ஆம், மிக அழகு. அவள் திரும்பவும் காட்டினாள், இந்த முறை இரண்டு கையாலும். அவ்வளவு இரசனையா என்று ஒரு றோல்ஸை நீட்டினேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

"ஏன் அவ ஓடுறா?" என்றாள் மனைவி.

"அவையளுக்கு எல்லாத்துக்கும் அவசரம்."

"அண்ணை பதினொண்டு எண்டவர்."

"உன்ரை கொண்ணை பதினொண்டு எண்டா ஒண்டு. நீ அவரோட வளந்தனி, உனக்கு நான் சொல்ல வேணுமோ?"

அவள் யோசித்துப் பார்த்தாள். நியாயமாகத்தான் பட்டிருக்க வேண்டும். துவாயில் சரிந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

பதினொன்று இருபதுக்கு மகள் மரங்களுக்குள்ளால் ஓடிவந்தாள். "அப்பா, பாதை இல்லை."

"எந்தப் பாதை?"

"நாங்கள் வந்த பாதை."

ஓடிப்போய்ப் பார்த்தேன், மனைவியும் எழும்பிப் பின்னால் வந்தாள். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் நடுவில் சேர்ந்துவிட்டது. சத்தமே இல்லை. அலை அடித்து, நுரை தள்ளி வந்திருந்தால் ஒரு மரியாதை இருந்திருக்கும். இது குளியலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மறந்தது மாதிரி, தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

என் மூளை அந்த இடத்தில் வேலையை விட்டுப் போய்விட்டது. மிச்சத்தைக் கைகள்தான் செய்தன. சப்பாத்தைக் கழற்றி இரண்டு கயிற்றையும் முடிந்து கழுத்தில் மாலையாகப் போட்டேன். சொக்ஸை ஒழுங்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். கடன் அட்டையைப் பல்லால் கடித்துப் பிடித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் மனைவி. பிள்ளையாரைக் கூப்பிட்டேன், முருகனைக் கூப்பிட்டேன், கடல் என்றபடியால் மாதாவையும் கூப்பிட்டேன். அட்டையை வாயில் வைத்துக்கொண்டு கூப்பிட்டதில் யாருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

"வாங்கோ ரெண்டு பேரும், இடுப்பளவுதான் இருக்கும்," என்றேன், அட்டையைத் துப்பிவிட்டு.

மகள் அசையவில்லை. "நான் வரேல்லை. கரையில பலகையில எழுதியிருந்தது. நேரம் பிந்தினா தீவிலயே நில்லுங்கோ, கடக்க வேண்டாம் எண்டு. பதினொரு மணி எண்டும் போட்டிருந்தது."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"மாமா சொன்னவர்தானே. நீங்களும் ஓம் எண்டனீங்கள்."

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது. "எனக்கு நீ படிப்பிக்கிறியோ" என்று கத்திவிட்டு, மனைவியை இழுத்துக்கொண்டு இறங்கினேன். யூலை மாதம் என்பது அந்தத் தண்ணீருக்குத் தெரியாது. முழங்கால் வரை குளிர். தொடைக்கு வந்தபோது கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. நடுவுக்கு வரமுன்பே இடுப்பு. தண்ணீர் ஏறுவது மட்டுமல்ல, பக்கவாட்டில் ஓடவும் செய்தது. பாசிக் கல்லில் கால் வழுக்கி, கதிரையில் இருப்பது மாதிரி அப்படியே இருந்துவிட்டேன். கழுத்தளவு. பிளாஸ்க் என்னை விட்டுவிட்டு நீரோட்டத்தோடு போனது. நீந்தத் தெரியாத என் மனைவி, சட்டைக் கொலரில் பிடித்து என்னைத் தூக்கினாள். அவளுடைய உதடு நீலமாக இருந்தது.

"திரும்புங்கோ," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

திரும்பினேன். அப்போதுதான் மகளைப் பார்த்தேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு பாறையில் நின்றாள். தோள்கள் குலுங்கின. தாயும் தகப்பனும் ஒன்றாகத் தண்ணீருக்குள் போவதை ஒரு பிள்ளை நின்று பார்த்திருக்கிறது. போகாதீர்கள் என்று சொல்லியும் போனதை.

திரும்பத் தீவில் ஏறி, பல் கிடுகிடுக்க மச்சானுக்கு ஃபோன் எடுத்தேன். சொக்ஸையும் பிளாஸ்கையும் எடுக்க ஞாபகம் வந்த எனக்கு ஃபோன் ஞாபகம் வரவில்லை; நல்ல வேளையாக அது பாறையில், றோல்ஸ் பெட்டிக்குள் கிடந்தது.

"எங்க நிக்கிறியள்?" என்றார்.

"தீவில. ஏன் உண்மையான நேரத்தைச் சொன்னனி?"

"என்ன?"

"பதினொண்டு எண்டா பதினொண்டு எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? நீ எப்பவும் ரெண்டு மணித்தியாலம் முன்னுக்குத்தானே சொல்லுறனி."

அடுப்பில் கோழி பொரிவது கேட்டது. "மச்சான், அது கடல். கடல்லயும் நான் விளையாடுவனோ?"

"அப்ப அதைச் சொல்ல வேணும். இது உண்மை எண்டு சொல்ல வேணும்."

"அப்பிடிச் சொன்னா, மற்றதெல்லாம் பொய் எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி எல்லோ?"

அழைப்பைத் துண்டித்தேன். அவர் சொன்னதில் பிழை இல்லை என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் திரும்பவும் ஃபோன் எடுத்து, படகோடு ஆளைக் கூப்பிடவா என்று கேட்டார். மகள் ஃபோனை என்னிடமிருந்து வாங்கினாள். "வேண்டாம் மாமா, ஒருத்தருக்கும் காயமில்லை. பலகையில போட்டபடி இனி ஏழரைக்குத்தான் பாதை திறக்கும். நாங்கள் நிக்கிறம்."

எட்டு மணித்தியாலம் நின்றோம். மகள் தன்னுடைய மேல்சட்டையைத் தாய்க்குக் கொடுத்தாள், துவாயை எனக்கு எறிந்தாள். ஈர உடுப்புகளைக் கிளைகளில் காயப்போட்டாள், மிச்சம் இருந்த ஏழு றோல்ஸைப் பங்கிட்டாள். நான் துவாயைக் கட்டிக்கொண்டு தீவைச் சுற்றிச் சுற்றி நடந்து மச்சானைத் திட்டினேன். எங்கள் சனத்தைத் திட்டினேன். அந்தச் சாமத்தியவீட்டுப் பிள்ளையைக்கூடத் திட்டினேன், பாவம், அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். மூன்றாவது சுற்றில் திட்டுவதற்கு ஆள் முடிந்துபோனது. கடல்நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் படுத்தன.

ஏழு மணிக்குப் பாதையின் முதுகு தெரிந்தது. அங்கங்கே கல், நடுவில் மெல்லிய தண்ணீர்.

"வாங்கோ, இனிப் போகலாம்," என்றேன்.

மனைவி எழும்பவில்லை. மகளைப் பார்த்தாள். மகள் ஃபோனைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். "இல்லை."

"கணுக்கால் அளவுதானே இருக்கு."

"இல்லை, அப்பா."

வாய் வரை வந்தது. என் வீட்டில், என் பிள்ளை, என்று தொடங்கும் வசனம் ஒன்று முழுதாகத் தயாராக இருந்தது. அவளுடைய கண் இமைகள் இன்னும் வீங்கியிருந்தன. ஒரு சப்பாத்தைப் போட்டபடி, மற்றதைக் கையில் வைத்தபடி, பாறையில் இருந்தேன். முப்பத்தைந்து நிமிடம் இருந்தேன்.

பிறகு அவள் எழும்பி எங்களை வரிசைப்படுத்தினாள். தாயை முன்னுக்கு விட்டாள். தான் பின்னுக்கு நின்றாள். "அப்பா, நீங்கள் நடுவில வாங்கோ," என்றாள். "முன்னுக்குப் பாயக்கூடாது."

எதிர்க்கரையில் மச்சான் துவாயும் கையுமாக நிற்பது தெரிந்தது. நடுவில் நடந்தேன். கோபத்தோடுதான் நடந்தேன். கல் வழுக்கிய இடத்தில் பின்னாலிருந்து ஒரு கை என் இடுப்புப் பட்டியைப் பிடித்தது. கரை வரும் வரை விடவில்லை.