சாக்ஸபோன் வாசித்தது யார்?

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து மலேசியாவின் புக்கிட் பெருந்துங்கில் ஒரு கடைவீட்டு மாடியை ஸ்டூடியோவாக்கி எங்கள் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தோம். அதில் சாக்ஸபோன் வாசித்தவர் ஈஜோக் ஊரைச் சேர்ந்த சேகர் அண்ணன். தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுபவர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் ஊறியவர். அவர் வாசித்தால் யாரோ அழுகையை அடக்கிக்கொண்டு பாடுவது போலிருக்கும்.

ஆல்பம் வெளியானதும், குழுவில் கீபோர்டு வாசிக்கும் என்னை வானொலிக்கு அழைத்தார்கள். "அந்த சாக்ஸபோன் யாரு?" என்று அறிவிப்பாளர் நேரலையில் கேட்டார். "நான்தான், அந்த சத்தத்த கீபோர்டுலயே வாசிச்சேன்" என்று சொல்லிவிட்டேன். பாராட்டு முழுவதும் எனக்கே வேண்டும் என்று அந்த நொடியில் தோன்றியது.

மறுநாள் அண்ணன் போன் செய்தார். கோபப்படவில்லை.

"என் மக ரேடியோ கேட்டுக்கிட்டு இருந்தா தம்பி. நான் வாசிச்சேன்னு அவகிட்ட பெருமையா சொல்லியிருந்தேன். இப்போ நான் பொய் சொன்னதா நினைக்கிறா. அவகிட்ட மட்டும் வந்து சொல்லிடு லா."

அன்று மாலையே ஈஜோக் போனேன். கல்லூரியில் படிக்கும் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன்.

"பொய்ய ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னீங்க. உண்மைய எங்க வீட்டு ஹால்ல வந்து சொல்றீங்க" என்றாள்.

தவறு தன்னுடையதுதான் என்பதுபோல அண்ணன் தலைகுனிந்து நின்றார்.

வானொலியில் திருத்தச் சொல்லிக் கேட்டேன். நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்றார்கள். எங்கள் குழுவின் முகநூல் பக்கத்தில் அவர் பெயரைப் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அன்று என் பொய்யைக் கேட்டவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.