‘ரெண்டு மணிச் சங்கு’ ஹிட்டான கதை

1. ஃபியூஸ்

முதல் பாட்டு பாதியில் இருக்கும்போதே ஆம்ப்ளிஃபயர் புகைந்தது. கிடார், கீபோர்டு, மைக் மூன்றும் ஊமையாகின. காரணம் நான்தான்.

அப்போது நான் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறி ஷெட்டில் எலெக்ட்ரீஷியன். ஃபியூஸ் போனால் தறி நிற்கும், முதலாளி கத்துவார். அதனால் ஃபியூஸில் தடிமனான கம்பியைச் சுற்றிவிடுவது எங்கள் வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் கச்சேரியிலும், பாட்டு நடுவில் நிற்கக் கூடாதே என்று அதையே செய்தேன். கரண்ட் எகிறியபோது ஃபியூஸ் போகவில்லை, ஆம்ப்ளிஃபயர் போய்விட்டது.

எங்கள் ராக் பேண்டில் நான்கு பேர். நான் டிரம்ஸ். கிடார் வாசித்துப் பாடுகிற ஸ்டீபன் அதே ஷெட்டில் தறி ஓட்டினான். எங்கள் பாட்டைக் கேட்பதற்கென்றே மதுரையிலிருந்து கேசட் கம்பெனி அண்ணாச்சி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் கேசட் வரும். இல்லையென்றால் பேண்டையே கலைத்துவிட வேண்டியதுதான்.

“ஏலே, என்னத்தலே பண்ணித் தொலைச்ச?” என்றான் ஸ்டீபன்.

“ஃபியூஸ்ல நம்ம கம்பிய வச்சேன்.”

“வெளங்கிரும்! கைய மட்டும் நிறுத்திராத. அடி!”

அடித்தேன். டிரம்ஸுக்குக் கரண்ட் எதற்கு?

2. உதடு

அடுத்த பாட்டு ‘ரெண்டு மணிச் சங்கு’. ஷிப்ட் முடிந்து மில் சங்கு ஊதும் நேரத்தைப் பற்றிய புதுப் பாட்டு, அதுவரை யாரும் கேட்டதில்லை. ஸ்டீபன் மேடை நுனிக்கு வந்து, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் பெரிதாக அசைத்து முதல் வரியைச் சொன்னான்.

தறி ஓடும்போது காதருகே கத்தினாலும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். கூட்டத்தில் பாதிப் பேர் தறிக்காரர்கள். எங்கள் ஷெட்டு மாரியம்மாள் அக்கா சட்டென்று பிடித்துக்கொண்டு உரக்கப் பாடினார்.

“ரெண்டு மணிச் சங்கு ஊதிருச்சு, ஏலே சைக்கிள எடு!”

அவ்வளவுதான், ஒட்டுமொத்தக் கூட்டமும் பாடியது! ஸ்டீபன் உதட்டை அசைக்க அசைக்க, ஒவ்வொரு வரியும் கீழேயிருந்து இடி மாதிரி வந்தது. அவன் போட்டிருந்த மெட்டு வேறு. என் அடிக்கு ஏற்ப அவர்கள் பாடிய மெட்டு அதைவிட நன்றாக இருந்தது! எனக்குக் கை வலிக்கவே இல்லை.

அண்ணாச்சி எழுந்தே விட்டார். “மெட்டு இதான் தம்பி! இந்த ஆளுகள அப்படியே மதுரைக்குக் கூட்டிட்டு வாங்க.”

3. அடுத்த கேசட்

முப்பது பேரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பதிவு செய்தோம். டவுன் பஸ், டீக்கடை, அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போகும் வேன் என்று எங்கும் அதே பாட்டு. பஸ்ஸில் ஒருநாள் தாங்க முடியாமல், “டிரம்ஸ் நாந்தேன்” என்று கண்டக்டரிடம் சொன்னேன்.

“இருக்கட்டும், சில்லறைய எடுங்க” என்றார் அவர்.

அடுத்த கேசட் வருவதற்குள் நாங்கள் பெரிய ஆட்களாகிவிட்டோம். மதுரையில் தேர்ந்த கோரஸ் பாடகர்களை வைத்துக்கொண்டோம். எட்டுப் பாட்டும் சுத்தமாகப் பாடினார்கள். ஒன்றுகூட ஓடவில்லை.

திரும்பவும் ஷெட்டுக்குப் போனேன். தறிகளின் இரைச்சலுக்கு அந்தப் பக்கம் நின்று மாரியம்மாள் அக்கா உதட்டை அசைத்தார். தெளிவாகப் புரிந்தது.

“எங்கள ஏம்ப்பா கூப்பிடல?”

வெட்கமாக இருந்தது.

புதிதாக வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இரண்டுதான். ஃபியூஸில் தடிமனான கம்பி வைக்காதீர்கள். ஒரு பாட்டை ஹிட்டாக்கியவர்களை அடுத்த பாட்டுக்கும் கூப்பிடுங்கள்.