கோதுமைச் சோறு

காலையிலிருந்து நான் மெட்ரோ வேலைத் தூசியைத் திட்டிக்கொண்டிருந்தேன், பிறகு காபியை, பிறகு பேரனின் தலைமுடியை. மருமகள் குக்கரைத் திறந்தாள். வெந்த முழுக்கோதுமையின் வாசனை வந்தது. எனக்கு மறுபடி எட்டு வயதாகிவிட்டது.

அப்போது உலக யுத்தம். செம்பரம்பாக்கத்தில் எங்களுக்கு ரேஷனில் அரிசிக்குப் பதில் கோதுமை போட்டார்கள். அதை அரைத்து மாவாக்க வேண்டும் என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அம்மா அதை அரிசி போலவே களைந்து, உலையில் போட்டு, கஞ்சி வடித்தாள். கொல்லை முருங்கைக்கீரையைக் கொஞ்சம் பருப்போடு கடைந்து மேலே ஊற்றினாள்.

மாட்டுவண்டி ஓட்டும் என் நைனாவுக்குச் சோறு ஒரு பதம் தப்பினால் தட்டு பறக்கும். அம்மா பயந்துகொண்டே பரிமாறினாள். அவர் ஒரு வாய் போட்டார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"இன்னாமே இது?"

"கோதும சோறு. நல்லா மென்னு துன்னு."

கீரையில் உப்பு கம்மி என்றுகூட அன்று அவர் சொல்லவில்லை. வாய்க்கு அவ்வளவு வேலை.

அரிசி திரும்பி வந்த பிறகும், வண்டியை அவிழ்க்கும்போதே நைனா கத்த ஆரம்பித்தால் அம்மா என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்வாள்: "கோதுமய எட்தாடி."

"உடம்புக்கு நல்லது அத்தை" என்று மருமகள் கிண்ணத்தை நீட்டினாள். இந்த வித்தையை இவளுக்கு யார் சொன்னது என்று கேட்க நினைத்தேன். பல் செட்டுக்குள் கோதுமை. மென்றுகொண்டே இருக்கிறேன்.