நல்ல எலும்பு

பாரிஸின் லாசப்பல் பகுதியில் ஒரு ஹோட்டலில் அறைகளைத் துப்பரவு செய்யும் பெண்களுக்கு நான் பொறுப்பு. யாருக்கு எந்த மாடி என்று பிரித்துக் கொடுப்பேன்.

அங்கே வேலை செய்த அக்கா ஒருவர் புறநகரான பியர்ஃபித்திலிருந்து வருவார். அறுபது வயது, நெடுநாள் நீரிழிவு. ஒருநாள், "பிள்ளை, மெத்தை தூக்கேக்கை முதுகு கொல்லுது. என்னைத் துவாய் மடிக்க விடன்," என்றார்.

அன்று ஆள் குறைவு. எனக்கும் களைப்பு.

"போன மாதம் எடுத்த ஸ்கானிலை எலும்பு நல்லா இருக்கெண்டு தானே அக்கா வந்தது?" என்றேன். அவர் துப்பரவு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை மெத்தையின் மூலையைத் தூக்கியவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முள்ளந்தண்டில் முறிவு. அதற்கு மேல் எலும்பில், யாரும் கண்டுபிடிக்காத பழைய முறிவு ஒன்றும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க நான்தான் போனேன். அந்த ஸ்கான் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தைத்தான் அளக்குமாம். எலும்பை வளைந்து கொடுக்க வைப்பது அதிலுள்ள புரதம். வயதும் நீரிழிவும் அதை விறைக்க வைத்துவிடும் என்றார் டொக்டர். வெயிலில் கிடந்த நைலோன் கயிறு போல என்று எனக்கு விளங்கியது. பார்க்க முழுசாக இருக்கும், இழுத்தால் அறும்.

அக்காவின் முகத்தைப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"நீ என்ன செய்வாய், பிள்ளை. ஸ்கான் நல்லா இருக்கெண்டவுடனை, நான்தான் நடிக்கிறனோ எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டுது."

இப்போது யாராவது நோகுது என்றால் நான் ஸ்கானைப் பற்றிக் கேட்பதில்லை. துவாய் மடிக்க விட்டுவிட்டு, மெத்தைகளை நானே தூக்குகிறேன். என் முதுகும் நோகத் தொடங்கியிருக்கிறது. அதை யாரிடமும் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.