கேமராவில் தெரிந்த கால்

விராலிமலையில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். ஒரு பழைய காரைப் பந்தயத்துக்குத் தயார் செய்து, என் தம்பியை ஓட்ட வைத்தேன். முன்னால் போய்க்கொண்டே இருப்பவன் கடைசிச் சுற்றில் பின்தங்கிவிடுவான். "எஞ்சின் இழுக்கலக்கா" என்பான். ஒவ்வொரு முறையும் பிரித்துப் பார்ப்பேன், குறையே தெரியாது. தொழிலே மறந்துவிட்டதோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

காருக்குள் கேமரா வைக்கலாம் என்று திருச்சிக்குப் போனோம். தம்பி முன்கண்ணாடியில் ஒட்டுகிற சின்னதை எடுத்து, "ரோடு தெரிஞ்சாப் போதும்க்கா" என்றான். எனக்கு மீட்டரும் கியரும் தெரிய வேண்டும். சீட்டுக்குப் பக்கத்துக் கம்பியில் மாட்டுகிற, அகலமாகப் படம் பிடிக்கிற கேமராவை வாங்கினேன். பெடல் வரைக்கும் படத்தில் விழும் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

அடுத்த பந்தயத்திலும் தோற்றோம். படத்தைப் போட்டுப் பார்த்தேன். கடைசிச் சுற்றிலும் எஞ்சின் சத்தம் சீராகத்தான் இருந்தது. பின்னால் ஒரு கார் நெருங்கியதும், தம்பி ஆக்சிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்தான். அந்தக் கார் தாண்டிப் போனது.

அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டான்.

"விட்டுக்குடுத்தா அந்தக் கார்க்காரங்க டீம்ல சேத்துக்கிறோம்னாங்கக்கா."

"போறேன்னு சொல்லியிருந்தா நானே அனுப்பியிருப்பேனேடா. என் கையையே சந்தேகப்பட வச்சிட்டியே!"

அந்த வாரமே அவர்களிடம் போய்விட்டான். இப்போது ஜெயிக்கிறான். "ஒங்க தம்பி நல்லா ஓட்டுறாருங்க" என்று யாராவது சொன்னால், "ஆமாங்க" என்பேன். தோற்றதுகூட வலிக்கவில்லை. நான் எஞ்சினுக்குள் தலையை விட்டு இல்லாத குறையைத் தேடியபோதெல்லாம், பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவன் அவன்தான். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.