தவணையில் சாவு சொன்னவள்

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் ஒரு தமிழ் வீட்டில் யாராவது கண்ணை மூடினால் முதலில் டொக்டருக்குச் சொல்வார்கள், அடுத்தது கமலநாயகிக்கு. இந்த ஒழுங்கு மாறி நடந்த வீடுகளும் உண்டு.

அவள் ஐயரும் இல்லை, சங்கத் தலைவியும் இல்லை. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கிறவள். கணவர் போய்ச் சில வருடம், மகன் ஸ்டுட்கார்ட்டில், பிறஷர் குளிசை கைப்பையில். ஆனால் தூரத்தில் இருக்கிற ஒருவருக்குச் சாவு சொல்ல வேண்டுமென்றால் அவளை விட்டால் ஆள் இல்லை. "அக்கா, நீங்களே ஒருக்கா கதையுங்கோ" என்று போனை அவள் கையில் திணித்துவிட்டு வீட்டுக்காரர் அடுத்த அறைக்குள் போய்விடுவார்கள்.

இந்தத் தொழிலை அவள் தேடிப் போய்ப் படிக்கவில்லை. எண்பதுகளில் அகதி விடுதியில் கீழ்மாடி நடையில் ஒரே ஒரு தொலைபேசி. அதற்குப் பக்கத்து அறை கமலநாயகியுடையது. மணி அடித்தால் ஓடிப் போய் எடுப்பாள். ஊரில் சண்டை. அடித்தால் நல்ல செய்தியாகவா இருக்கும்? முதல்முறை அவளுக்கு விவரம் தெரியாது. ஒரு பெடியனைக் கூப்பிட்டு, "உங்கட அப்பாவைச் சுட்டுப் போட்டாங்களாம்" என்று அப்படியே சொல்லிவிட்டாள். அவன் சுவரில் தலையை மோதி மண்டையை உடைத்துக்கொண்டான். அந்த இரத்தத்தைத் துடைத்தவளும் அவள்தான்.

அதற்குப் பிறகு சாவைத் தவணையில் சொல்லப் பழகினாள். முதல் நாள், "அம்மாவுக்குச் சுகமில்லையாம்." அடுத்த நாள், "ஆசுப்பத்திரியில வைச்சிருக்கினமாம்." அதற்கடுத்த நாள், "கொஞ்சம் கடுமையாம்." பிறகு அந்த ஆளே வந்து வாசலில் நின்று, "அக்கா, பிரேதம் எப்ப எடுத்தவை?" என்று கேட்பான். கேட்க வைப்பதில்தான் கெட்டித்தனம். பிள்ளைத்தாச்சி, நெஞ்சு வருத்தக்காரர், சோதனை எழுதுகிற பிள்ளை ஆகியோருக்கு அந்தத் தவணையும் கிடையாது. சொல்லவே மாட்டாள். "தெரிஞ்சு என்ன செய்யிறது? போகவா ஏலும்?" என்பாள். அந்தக் காலத்தில் அது உண்மை. பாஸ்போர்ட் இல்லாதவனுக்குத் தாய் இன்று செத்தாலென்ன, நாளை செத்தாலென்ன, போக முடியாது. பாஸ்போர்ட் வந்தது, பிளேன் மலிந்தது, ஆனாலும் வழக்கம் மட்டும் போகவில்லை. நல்ல மனதோடு செய்கிற பிழையைத் திருத்துவதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை.

அந்த விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள் அஜிதா. மேல்மாடியில் ஆண்கள் பக்கத்தில் அவளுடைய அண்ணன் உருத்திரமூர்த்தி. தாய் தகப்பன் இல்லாத இரண்டு பேர். அண்ணன்தான் தங்கைக்கு எல்லாம். உலகமெல்லாம் ஐரோப்பாவுக்குள் நுழையத் தவித்த காலத்தில் அஜிதா மாலை போட்டுக்கொண்டு ஐரோப்பாவை விட்டு வெளியேறினாள். பொட்ஸ்வானாவில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு யாழ்ப்பாணத்து வாத்தியாரைக் கட்டி மவுன் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள். "சிங்கம் திண்டால் எனக்கு முதல் சொல்லுங்கோ" என்று உருத்திரமூர்த்தி மச்சானிடம் பகிடி விட்டுவிட்டு, விமான நிலையத்துக் கழிப்பறைக்குள் நின்று அழுதார். அந்த வாத்தியாரும் காலமாகிவிட்டார். அஜிதா அங்கேயே ஊன்றிவிட்டாள். அவளும் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்து ஓய்ந்தவள். "வா கமலா, வந்து யானையைப் பார்" என்று வருடா வருடம் கூப்பிடுவாள். "Urlaub கிடைக்கட்டும், வாறன்" என்று கமலநாயகி வருடா வருடம் சொல்வாள். லீவு கிடைத்தால் சுவிசில் கலியாணவீடு, கனடாவில் பிள்ளைப்பேறு. யானை எங்கே ஓடிவிடப் போகிறது?

மாசி மாதத்தில் உருத்திரமூர்த்தி தன் தோட்டத்துக் கொட்டிலில் மண்வெட்டியோடு விழுந்தார். நகரத்து ஓரத்தில் வாடகைக்கு எடுத்த துண்டுக் காணி. பயற்றங்காயும் கீரையும் போடுவார். ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னரே முடிந்துவிட்டது.

அப்போது அஜிதா ஜொஹன்னஸ்பேர்க்கில் நெஞ்சைப் பிளந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டு கட்டிலில் கிடந்தாள். உருத்திரமூர்த்தியின் மகன் சுகிர்தன் கமலநாயகியைத்தான் பார்த்தான். அவள் யோசிக்கவே இல்லை. "இப்ப சொல்லாத. அதிர்ச்சி தாங்காள். அவள் எடுத்தால், 'அப்பா நித்திரை, எழும்பினோடன எடுக்கச் சொல்லுறன்' எண்டு சொல்லு." அதோடு விட்டாளா? உருத்திரமூர்த்தி ஒவ்வொரு காலமையும் போனில் தங்கச்சிக்கு முருகன் படம் அனுப்புகிறவர் என்பது அவளுக்குத் தெரியும். "படம் நிண்டால் சந்தேகப்படுவாள். நீயே அப்பாவின்ர போனில இருந்து அனுப்பு" என்றாள்.

ஒரு மாதத்தில் சொல்லலாம் என்றார்கள். பிறகு புண் ஆறட்டும் என்றார்கள். பிறகு அவளுடைய பிறந்தநாள் வந்தது, பிறகு ஆடி வந்தது. அவள் அண்ணனோடு கதைக்கக் கேட்டால், தொண்டை கட்டிவிட்டது, காது மந்தம் என்று சுகிர்தன் எழுதிச் சமாளித்தான். சொல்வதற்கு நாள் பார்த்துப் பார்த்துப் பொய்க்கே வயது ஏறிவிட்டது. புரட்டாதியில் ஒருநாள் சுகிர்தன் வேலை உடுப்போடே அவளுடைய வாசலில் வந்து நின்றான். பேருந்து திருத்துகிற பெரிய ஆம்பிளை, குழந்தை மாதிரி அழுதான்.

"அன்ரி, என்னால ஏலாது. ஒவ்வொரு காலமையும் நான் அப்பாவா எழும்ப வேண்டியிருக்கு. மாமி 'சாப்பிட்டீங்களோ அண்ணை' எண்டு எழுதுறா. நான் 'ஓம்' எண்டு எழுதுறன்."

அன்றைக்குத்தான் கமலநாயகி Urlaub கேட்டாள். போட்ட முடிச்சை அவள்தானே அவிழ்க்க வேண்டும்.

பிராங்பேர்ட்டில் ஏறி, ஜொஹன்னஸ்பேர்க்கில் மாறி, சின்ன விமானத்தில் குலுங்கிக் குலுங்கி மவுனில் இறங்கினாள். ஐப்பசி. வெயில் அடுப்புக்குள் தலையை விட்டது மாதிரி. அஜிதா தானே வண்டி ஓட்டி வந்திருந்தாள். கிழட்டு லாண்ட்குரூசர். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆள் சின்னக் குருவி. மெலிந்திருந்தாள், ஆனால் சிரிப்பு அப்படியே.

"என்னடி, வந்திட்டியோ! நான் சாகிறதுக்குள்ள வரமாட்டாய் எண்டு நினைச்சன்."

கமலநாயகி விமானத்தில் வசனம் வசனமாக ஆயத்தம் பண்ணியிருந்தாள். முதல் தவணை, "அண்ணைக்குக் கொஞ்சம் சுகமில்லை." வாய் திறக்க முதல் அஜிதா வீட்டுக்குள் கூட்டிப் போய் ஒரு தொப்பியை எடுத்து நீட்டினாள். அகன்ற விளிம்புள்ள தோல் தொப்பி.

"அண்ணைக்கு. தோட்டத்துக்க வெயிலில நிக்கிறார், தலை காயும். ஜெர்மனியில வெயில் எங்க எண்டு கேக்காத. நல்லா இருக்கோ?"

"வடிவா இருக்கு" என்றாள் கமலநாயகி.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளைக்கு ஆற்றங்கரை, அதற்கடுத்த நாள் சந்தை. அயலவர்களெல்லாம் அஜிதாவை "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் கமலநாயகியை அறிமுகப்படுத்தி, "அண்ணையைப் பக்கத்தில இருந்து பாக்கிறது இவள்தான்" என்றாள். கமலநாயகிக்கு அந்த மண்ணுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போலிருந்தது. நாற்பது வருடமாய் எத்தனை பேருக்குச் சொன்னவள்! வாய் வரவில்லை. தொலைபேசியில் சொல்வது வேறு, முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு என்பது அந்த வயதில்தான் அவளுக்குத் தெரிந்தது.

யானை பார்க்கப் போனார்கள். டொக்டர் வேண்டாமென்று சொன்னதை அஜிதா காதில் போடவில்லை. பாதை என்று பெயர், உண்மையில் மணல். அறுபது தாண்டிய இரண்டு பெண்கள், பின்னால் ஒரு தண்ணீர்க் கலன், ஒரு சாப்பாட்டுப் பெட்டி. அஜிதா இறங்கிச் சக்கரங்களில் காற்றைக் குறைத்தாள். "காத்து குறைஞ்சால்தான் மணலில போகும்" என்று விளக்கம் வேறு. குறைத்தும் பயனில்லை. பின்னேரம், ஆற்றுக்குப் போகிற வளைவில் வண்டி அச்சுவரைக்கும் இறங்கிக்கொண்டது. இருவரும் மண்ணைக் கிளறினார்கள், மரக்கிளை முறித்துப் போட்டார்கள். கமலநாயகி சேலையை ஒதுக்கிக்கொண்டு தள்ளினாள். சக்கரம் மணலை அவள் முகத்திலேயே வாரி இறைத்தது. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விடுதிக் காலத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததில்லை.

சிரிப்பு முடிய முதல் மரங்களுக்குள் கிளை முறிகிற சத்தம். யானைகள் தண்ணிக்கு வந்தன. ஒன்றல்ல, கூட்டம். குட்டிகளும் இருந்தன. இருவரும் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். மூத்த பெண் யானை காதை விரித்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றது. அதன் கண்ணிமை மயிர் தெரிந்தது. கமலநாயகிக்குக் கந்தசஷ்டி கவசத்தின் முதல் வரி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது, இரண்டாம் வரி வரவில்லை.

அஜிதா அவளுடைய கையைப் பிடித்தாள். காதுக்குள் சொன்னாள்.

"அசையாத. ஒண்டும் செய்யாது. ஆனா கமலா, எனக்கு ஏதும் நடந்தால் அண்ணைக்கு உடன சொல்லிப்போடாத. தாங்கமாட்டார். நீதானே சொல்லுவாய், உன்ர முறையில மெல்ல மெல்லச் சொல்லு."

அந்த இடத்தில் கமலநாயகிக்கு எல்லாத் தவணையும் மறந்துபோயிற்று.

"அஜி, அண்ணை மோசம் போயிட்டார்."

யானை அங்கேயே நின்றது. அஜிதா கையை எடுக்கவில்லை. கத்தவும் முடியாத இடம், இறங்கவும் முடியாத இடம். காதுக்குள்ளேயே கேட்டாள்.

"எப்ப?"

"மாசியில."

"அப்ப எனக்கு முருகன் படம் அனுப்பினது ஆர்?"

"சுகிர்தன். நான்தான் சொன்னனான். உன்ர நெஞ்சுக்குப் பயந்து."

அஜிதா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் தண்ணிக்கு இறங்கியது. மூத்த யானையும் காதை மடக்கிக்கொண்டு பின்னால் போனது. பிறகுதான் அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"பங்குனியில என்னட்டப் படிச்ச பிள்ளையின்ர கலியாணம். ஆட்டிறைச்சி சாப்பிட்டனான். ஆடினனான், கமலா. புண் ஆறாத நெஞ்சோட, ரண்டு பேர் பிடிக்க, ஆடினனான். அண்ணையின்ர முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிகூட முடிஞ்சிருக்காது."

"அஜி..."

"நீங்கள் எல்லாரும் சேர்ந்து அழுதியள். ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிச்சு, பிரேதத்தைப் பாத்து, எட்டுச்செலவு செய்து, அழுது முடிச்சிட்டியள். இப்ப நான் தொடங்க வேணும். ஆரோட அழுறது? உனக்குக் கண்ணீர் வத்திப்போச்சு."

அது உண்மையில்லை. கமலநாயகி அப்போது அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனால் அது உருத்திரமூர்த்திக்கான அழுகை இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

பொழுது சாய முதல் சுற்றுலா வண்டி ஒன்று வந்து கயிறு கட்டி இழுத்துவிட்டது. அதில் வந்த பெடியன்கள் "டீச்சர், யானை பயப்படுத்தினதோ?" என்று கேட்டார்கள். அஜிதா ஓம் என்று தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே முற்றத்துக் குழாய்க்குப் போனாள். உடுத்த உடுப்போடு கீழே குந்திக்கொண்டு தலையில் தண்ணீரைத் திறந்துவிட்டாள். செத்தவீட்டுக்குப் போய் வந்தவர்கள் முழுகுவது போல, எட்டு மாதம் பிந்தி. கமலநாயகி துவாயோடு பக்கத்தில் நின்றாள். அஜிதா அந்தத் துவாயை வாங்கவில்லை. தானே உள்ளே போய் வேறொன்று எடுத்துத் துடைத்தாள்.

மிச்ச நாட்கள் போயின. சண்டை இல்லை, சாப்பாடு போட்டாள், தேத்தண்ணி தந்தாள், கதைத்தாள். "என்னடி" என்பது மட்டும் வாயிலிருந்து போய்விட்டது. விமான நிலையத்தில் தொப்பியைக் கமலநாயகியின் கையில் கொடுத்தாள்.

"சுகிர்தனிட்டக் குடு. அவனில எனக்குக் கோபமில்லை எண்டு சொல்லு. எனக்கு ஒண்டெண்டா பிரபாலினி உனக்கு நேர சொல்லுவாள். நான் சொல்லி வைக்கிறன். தவணை கிவணை வேண்டாம்." பிரபாலினி அவளுடைய மகள், தலைநகரில் வங்கியில் வேலை.

பீலெஃபெல்ட்டுக்குத் திரும்பிய கமலநாயகி அந்தத் தொழிலை விட்டுவிட்டாள். "நீங்களே சொல்லுங்கோ, இண்டைக்கே சொல்லுங்கோ" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். அக்காவுக்கு வயது போய்ப் புத்தி பேதலித்துவிட்டது என்று சிலர் கதைத்தார்கள். சுகிர்தன் தொப்பியைக் கொட்டிலில் ஆணியில் மாட்டினான். அஜிதா கிழமைக்கு ஒருதரம் எடுப்பாள். தைப்பொங்கலன்று மறந்துபோய், "என்னடி, பால் பொங்கினதோ?" என்று கேட்டாள். அன்றைக்குக் கமலநாயகி முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

பங்குனியில் ஒரு கிழமை அழைப்பு வரவில்லை. அவளே அஜிதாவின் வீட்டுக்கு எடுத்தாள். பிரபாலினியின் குரல் வந்தது. தலைநகரில் இருக்க வேண்டிய பிள்ளை.

"அம்மா நித்திரை, அன்ரி. எழும்பினோடன எடுக்கச் சொல்லுறன்."

பின்னால் பல பேர் இருக்கிற வீட்டின் சத்தம். கதிரை இழுபட்டது. கமலநாயகிக்கு விளங்கிவிட்டது. தனிய இருக்கிற மனுஷி, பிறஷர்காரி என்று அந்தப் பிள்ளை யோசித்திருக்கும். நல்ல மனதோடு யோசித்திருக்கும்.

"பிள்ளை" என்றாள், "இந்தக் கதையை முதல் முதல் சொல்லிக் குடுத்ததே நான்தான். எப்ப?"

அந்தப் பக்கத்தில் பிரபாலினி உடைந்துபோனாள்.

"முந்தநாள், அன்ரி. நாளைக்குத்தான் எடுக்கிறம்."

"நாளைக்கோ? அப்ப நான் பிந்தேல்லை" என்றாள் கமலநாயகி. "போனை வைச்சிடாத, பிள்ளை. அழு. நானும் அழுறன்."