பதிவேட்டில் எழுதிய கேலி

இடது ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. அந்தக் கோபத்தை லிஃப்ட் ஃபோர்மேன் ஆறு வருஷமாக இறக்கி வைக்கவே இல்லை. யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "நம்ம ஒட்டடைக்குச்சி தின்னுட்டான்."

ஒட்டடைக்குச்சி அவருடைய ஜோடி மெக்கானிக். ஆறடி உயரம், மருந்துக்கும் சதை கிடையாது. பதினோரு வருஷமாக இரண்டு பேரும் ஒன்றாகவே கட்டடம் கட்டடமாக ஏறி இறங்குகிறார்கள்.

அவர்கள் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. லிஃப்ட் கூண்டின் தலைமேல் நிற்பவன் "ஏத்து" என்றால், மாடியில் இயந்திர அறையில் இருப்பவன் "ஏத்து" என்று திருப்பிச் சொன்ன பிறகுதான் சுவிட்சைத் தொடலாம். "நிறுத்து" மட்டும் வேறு. முதலில் கை, அப்புறம் வாய். விரல் போன அன்றைக்கு, ஒரு பழைய கட்டடத்தில், கூண்டின் மேலிருந்த நிறுத்தும் சுவிட்ச் கருகிப் போயிருந்தது. வாய்ச்சொல்லை நம்பித்தான் வேலை. இயந்திர அறையில் ஒட்டடைக்குச்சி. கூண்டின் மேல் நின்ற ஃபோர்மேன் மூன்று முறை "நிறுத்து" என்று கத்தினார். கூண்டு நிற்கவில்லை. கயிறும் கப்பியும் அவர் விரலைப் பங்கு போட்டுக்கொண்டன.

"ஏன்டா நிறுத்தல?"

"கவனிக்கலண்ணே."

அவ்வளவுதான். ஒரு காரணம் கிடையாது, ஒரு சமாதானம் கிடையாது. தொண்டையில் மாட்டிய மீன்முள் மாதிரி அந்த ஒரு சொல் அவருக்குள் நின்றுவிட்டது.

ஃபோர்மேன் படித்தது ஐந்தாவது வரை. ஆனாலும் ஒவ்வொரு இயந்திர அறையிலும் கயிறு கட்டித் தொங்கும் பதிவேட்டில் எழுதுவது அவர்தான். தேதி, பார்த்த வேலை, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் அவருக்குக் குறும்பு எழுதாமல் கை நிற்காது. 'உதவி ஆள் ஒரு மணி லேட்டு. வீட்டில் தடியடி.' 'கன்னத்தில் கீறல். வீட்டம்மா நகம் வெட்டவில்லை.' காவலாளிகள் படித்துப் படித்துச் சிரிப்பார்கள். ஒட்டடையும் கூடவே சிரிப்பான். விரல் போனதற்கு அப்புறம் அந்தக் கேலியில் விஷமும் கலந்துகொண்டது.

ஒட்டடையின் வீட்டுக்காரி சாயங்காலம் தவறாமல் ஃபோர்மேனுக்குப் போன் போடுவாள். "அண்ணா, அவரு கிளம்பிட்டாராண்ணா?" தேன் ஒழுகும் குரல். இவரும் நிமிஷக் கணக்காகச் சொல்லிவிடுவார். கொடுத்து வைத்தவன், இப்படி ஒருத்தி தேடுகிறாளே என்று உள்ளே ஒரு பொறாமை வேறு.

போன மாதம் ஒரு நாள். இயந்திர அறையில் கியர் எண்ணெய் தெறித்து ஒட்டடையின் சட்டை நனைந்துவிட்டது. அதைக் கழற்றிவிட்டு மாற்றுச் சட்டையை எடுக்கத் திரும்பியவன் முதுகில் முக்கோணமாக ஒரு தழும்பு. ஓரம் மட்டும் இன்னும் சிவப்பு.

"ஏண்டா, இஸ்திரிப் பெட்டி சட்டைக்குத்தான்னு நெனச்சேன். உனக்கு முதுகையே தேச்சு..."

பாதியில் நாக்கு நின்றுவிட்டது. ஒருத்தன் தன் முதுகில் தானே அதை வைத்துக்கொள்ள முடியாது. ஒட்டடை இந்தத் தடவை சிரிக்கவும் இல்லை. சட்டையைக் கையில் பிடித்தபடி மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"எத்தன வருஷமாடா?"

"பாப்பா பொறந்ததுலேர்ந்து." பாப்பாவுக்கு ஒன்பது வயது.

ஃபோர்மேன் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "நீ திருப்பி ஒண்ணு வெக்க வேண்டியதுதானே? ஆறடிக்கு வளந்து என்ன பிரயோசனம்?"

"பாப்பா கதவுகிட்டேயே நின்னு பாத்துக்கிட்டிருக்கும்ண்ணே. நான் ஒரு தடவ கை ஓங்கிட்டா, அப்புறம் அதுக்கு அப்பனும் அதே ரகம்தான். வீட்ட விட்டுப் போனா, நாந்தான் அடிச்சேன்னு எழுதிக் குடுப்பாளாம். பாப்பா மூஞ்சியவே பாக்க முடியாதாம்."

"அன்னைக்கு... என் விரலு..."

ஒட்டடை தரையைப் பார்த்தான். "அதுக்கு மொத நாளு காதோட சேத்து அறைஞ்சா. உள்ள ஒரே இரைச்சல். நீங்க கத்தினது கேக்கவே இல்லண்ணே. அதச் சொன்னா, நீங்க சிரிப்பீங்கன்னு..."

அன்றைக்குச் சாயங்காலமும் போன் வந்தது. "அண்ணா, அவரு கிளம்பிட்டாராண்ணா?" பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக ஃபோர்மேன் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தட்டில் கை வைப்பார், எழுந்து போய் வாசலைப் பார்ப்பார். "என்னங்க, காலுல சக்கரமா?" என்று மனைவி கேட்டாள். விஷயத்தைச் சொன்னார். அவள்தான் குடும்ப வன்முறை உதவி மையத்தின் நம்பரைத் தேடிக் கொடுத்தாள்.

"அடி வாங்குறது ஒரு ஆம்பளம்மா," என்று போனில் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் வரப்போகும் சிரிப்புக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

ஆலோசகர் அம்மா சிரிக்கவில்லை. "அவர் இப்ப பாதுகாப்பான இடத்துல இருக்காரா?" என்று மட்டும் கேட்டார். பதினோரு வருஷத்தில் தான் ஒரு நாளும் கேட்காத கேள்வி.

இரண்டு நாளில் ஒட்டடை மகளோடு ஃபோர்மேன் வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டான். அடுத்த வாரமே குடும்பநல நீதிமன்றத்திலிருந்து கடிதம். வீட்டுக்காரி, தான் அடி வாங்கியதாகப் புகார் கொடுத்திருந்தாள். பாப்பா இப்போதைக்கு யாரோடு இருப்பது என்று வியாழக்கிழமை விசாரித்து முடிவு செய்வார்களாம்.

"தேதியோட ஏதாவது எழுத்துல இருக்கா?" என்று ஆலோசகர் அம்மா கேட்டார். ஒன்றும் இல்லை. டாக்டரிடம் போன ஒவ்வொரு தடவையும் படியில் விழுந்தேன் என்றுதான் சொல்லியிருக்கிறான்.

ஃபோர்மேனுக்கு அப்போதுதான் சுரீர் என்றது. பதிவேடுகள்.

அலைந்தார். நான்கு கட்டடம், நான்கு மொட்டை மாடி. தூசியைத் தட்டி, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, தன் கோழிக் கிறுக்கலைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒவ்வொரு காயத்துக்கும் தேதி இருந்தது. ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் அவர் கேலி இருந்தது.

பழைய கட்டடத்துக்குக் கடைசியாகப் போனார். விரல் போன நாளின் பக்கம். காலையில், வேலையைத் தொடங்கும் முன்பு, அவரே எழுதியிருக்கிறார்: 'ஆள் காது வீங்கி வந்தான். வீட்டம்மா கைவரிசை. பலே.' அதற்குக் கீழே வேறு யாரோ விபத்து என்று எழுதியிருந்தார்கள்.

அந்தத் தாளைக் கிழித்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் கை போனது. காது வீங்கியவனை வாய்ச்சொல் வேலையில் நிறுத்தியதைக் கம்பெனி பார்த்தால் வேலை போகும். ஊர் பார்த்தால் மானம் போகும். முழு விரலும் பாதி விரலும் தாளின் ஓரத்திலேயே நின்றன. கீழே யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். மோட்டார் உறுமி ஓடி நின்றது. அந்தப் பதிவேட்டையும் மற்றவற்றோடு சேர்த்து அப்படியே அக்குளில் இடுக்கிக்கொண்டு படி இறங்கினார்.

வியாழக்கிழமை. நீதிமன்ற வராண்டாவில் நீள பெஞ்சு. பாப்பா அப்பனின் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எதிர்ப் பெஞ்சில் வீட்டுக்காரி, பார்வை சுவரில். ஃபோர்மேன் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடை போட்டுக்கொண்டிருந்தார்.

"டேய், தேதிய மட்டும் படிக்கிறேன். காது வீக்கம், கன்னத்துல கீறல், அவ்ளோதான். மத்ததெல்லாம் எதுக்கு? கேட்டா காறித் துப்புவாங்கடா."

"மத்ததுதான்ண்ணே சாட்சி," என்றான் ஒட்டடை. "வெறும் காயம்னா, எனக்காக இப்ப சேத்து எழுதினீங்கன்னு சொல்லுவாங்க. எனக்காக எழுதுற எவனாவது 'பலே'ன்னு எழுதுவானா?"

உள்ளேயிருந்து ஒருத்தர் எட்டிப் பார்த்து அவர்களைக் கூப்பிட்டார். ஒட்டடை எழுந்து, ஃபோர்மேனின் கையிலிருந்த பதிவேடுகளைத் தேதி வரிசையில் அடுக்கிக் கொடுத்தான்.

"ஒண்ணு விடாம படிங்கண்ணே. இந்தக் காதுப் பக்கமா நின்னு, கொஞ்சம் சத்தமா படிங்க. எனக்கு அந்தப் பக்கம் இன்னும் சரியா கேக்காது."